வெயில் இங்கே... சுவிட்ச் எங்கே?

ராமநாதபுரம் மாவட்டத்தில் சோலார் பலகைக்கு இரண்டு கதைகள் உண்டு.

முதல் கதை கமுதியில். செங்கப்படை கிராமத்தைச் சுற்றி சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் பலகைகள். 648 மெகாவாட். 2016 செப்டம்பரில் திறக்கப்பட்டபோது, ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகிலேயே பெரியது இதுதான் என்று சொல்லப்பட்டது. 550 மெகாவாட் கொண்ட கலிஃபோர்னியாவின் டோபாஸ் நிலையத்தை விட இது பெரியது.

இரண்டாவது கதை தனுஷ்கோடியில். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் சில அங்கேயே தங்கிவிட்டன. பல பத்தாண்டுகள் அவர்களுக்கு மின் இணைப்பு கிடையாது. குடிசைக் கூரையில் ஒரு சின்ன சோலார் பலகை, அதில் எரியும் ஒன்றிரண்டு விளக்குகள், அவ்வளவுதான்.

ஒரு பக்கம் 25 லட்சம் பலகைகள். மறுபக்கம் ஒரே ஒரு பலகை. சூரியன் மட்டும் ஒன்றே!

உலகம் முழுக்க இன்று ஒரு பேச்சு இருக்கிறது. தொலைதூரத்துப் பெரிய மின் நிலையங்களை நம்பியிருக்கும் நகரங்கள், தங்கள் ஊரின் வெயிலையும் காற்றையும் கொண்டு தாங்களே மின்சாரம் தயாரிக்க வேண்டும் என்கிற பேச்சு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "உள்ளூர் மின்சாரம்" என்றால் சரியாக என்ன? கமுதியா? தனுஷ்கோடியா? இதற்குப் பதில் சொல்ல, இந்தக் கடற்கரையின் மின்சார வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

கம்பி வருவதற்கு முன்

மின்சாரம் வருவதற்கு முன்பே ராமநாதபுரம் சீமை சூரியனையும் காற்றையும் நம்பித்தான் பிழைத்தது. பாய்மரம் விரித்த வள்ளங்கள் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் காற்றின் போக்கில் போய் வந்தன. உப்பளத்தில் கடல் நீரைக் காய்ச்சியது வெயில். கருவாடு காய்ந்ததும், குண்டு மிளகாய் காய்ந்ததும் அதே வெயிலில்தான். இவை இன்றும் தொடர்கின்றன. வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் இருக்கின்றன. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இதை யாரும் "புதுப்பிக்கத்தக்க எரிசக்தி" என்று அழைக்கவில்லை. பிழைப்பு என்று மட்டும் அழைத்தார்கள்.

ஆனால் இரவு? இரவுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். 1931-ல் ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் சிறுவனாகப் படித்தது அந்த வெளிச்சத்தில்தான். அதாவது, அன்றைய "உள்ளூர் வாழ்க்கை" ஒன்றும் சொர்க்கம் அல்ல. மண்ணெண்ணெய் வாங்கக் காசு இருந்தவன் படித்தான், இல்லாதவன் படுத்தான்.

நகரங்கள் முதலில் உள்ளூர் மின்சாரத்தில்தான் தொடங்கின!

இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். மின்சாரம் பிறந்தபோது அது உள்ளூர்ப் பொருளாகத்தான் இருந்தது.

1882 செப்டம்பரில் எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின் நிலையம் தொடங்கினார். அது கொடுத்தது நேர் மின்சாரம். அதை வெகு தூரம் அனுப்ப முடியாது. சுற்றியுள்ள சில தெருக்களுக்கு மட்டுமே வெளிச்சம். அதனால் பேட்டைக்கு ஒரு நிலையம் தேவைப்பட்டது.

மாறுதிசை மின்சாரமும் டிரான்ஸ்ஃபார்மரும் வந்ததும் கதை மாறியது. மின் அழுத்தத்தை உயர்த்தி அனுப்பினால் வழியில் இழப்பு குறையும். ஊர் எல்லையில் அழுத்தத்தைக் குறைத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். 1896-ல் நயாகரா அருவியின் மின்சாரம் முப்பது கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் இருந்த பஃபலோ நகரத்துக்குப் போனது. அன்றிலிருந்து, மின் நிலையம் ஓரிடம், வெளிச்சம் வேறிடம்!

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 1895-ல் சென்னையில் மின்சார டிராம் ஓடியது. பிறகு பெரிய ஊர்களில் தனியார் மின் கம்பெனிகள் வந்தன. அந்தந்த ஊருக்குள் தயாரித்து அந்தந்த ஊருக்குள்ளேயே விற்றார்கள். காசுள்ள தெருவுக்குக் கம்பி போனது, மற்ற தெருக்கள் இருட்டில் கிடந்தன.

1932-ல் நீலகிரியில் பைக்காரா, 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வந்தன. மலையில் பிறந்த மின்சாரம் கம்பி வழியே சமவெளிக்கு இறங்கியது. 1948-ன் மின்சார வழங்கல் சட்டம் மாநில மின்வாரியங்களுக்கு வழி செய்தது. 1957 ஜூலை 1-ல் சென்னை மாநில மின்வாரியம் உருவானது. பிறகு அதுவே தமிழ்நாடு மின்சார வாரியம் ஆனது.

இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அருவியும் இல்லாத, ஆலையும் இல்லாத ராமநாதபுரம் போன்ற வறண்ட சீமைக்கு, லாபக் கணக்குப் பார்க்கும் கம்பெனி எதுவும் கம்பி இழுத்திருக்காது. வாரியம் இழுத்தது. குக்கிராமத்துக் குடிசைக்கும் குண்டு பல்பு வந்ததற்கு அந்த நீண்ட கம்பிதான் காரணம்.

கம்பியின் இன்னொரு முனை

ஆனால் நீண்ட கம்பிக்கு இன்னொரு முனை இருக்கிறது. அந்த முனையில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது நம் கையில் இல்லை.

2008-லிருந்து 2012 வரையிலான மின்வெட்டுக் காலத்தைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. 2012-ல் பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட் அளவுக்குப் போனது. சென்னைக்கு ஒரு நாளில் 2 மணி நேர மின்வெட்டு. மற்ற மாவட்டங்களுக்கு? 12 மணி நேரம், சில இடங்களில் அதற்கும் மேலே!

ஒரே வாரியம், ஒரே கம்பி. ஆனால் இருட்டைப் பங்கு போடும்போது மட்டும் தலைநகரத்துக்கு ஒரு நியாயம், ஐஸ் கட்டிக்குக் காத்திருக்கும் மீனவனுக்கு ஒரு நியாயம்.

இயற்கையும் இதே பாடத்தை வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்தது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. மின் நிலையங்கள் எங்கோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் மின்சாரம் வர வழி இல்லை. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ராமேஸ்வரம் தீவுக்கும் மின்சாரம் பாம்பன் கால்வாயைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். 1964-ஐப் பார்த்த தீவுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

வாங்கிய ஊர் விற்கும் ஊரானது

மின்சாரத்துக்குக் கையேந்தி நின்ற ராமநாதபுரம், மெல்ல மெல்ல எரிசக்தியை வெளியே அனுப்பும் மாவட்டமாக மாறியது.

முதலில் கரி. சீமைக் கருவேலம் இந்த மண்ணை ஆக்கிரமித்த பிறகு, அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் லாரியில் அனுப்புவதே பல கிராமங்களின் பிழைப்பானது. புகை இங்கே, அடுப்பு அங்கே.

அடுத்து எரிவாயு. ராமநாதபுரம் நகருக்குப் பக்கத்தில் வழுதூரில், இந்தப் பகுதியின் நிலத்தடி எரிவாயுவைக் கொண்டே மின்வாரியம் ஒரு நிலையம் அமைத்தது. 2003-ல் 95 மெகாவாட். சில ஆண்டுகளில் கிட்டத்தட்ட அதே அளவில் இரண்டாவது பிரிவும் வந்தது.

பிறகு நிலக்கரி. உப்பூரில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்ட வாரியம் திட்டமிட்டது. விவசாயிகள் கண்மாயும் நீர்வழிகளும் போய்விடும் என்றார்கள். குளிர்விக்கும் நீருக்காகக் கடலுக்குள் கட்டப்படும் பாலம் மீன்பிடிப்பைக் கெடுக்கும் என்று மீனவர்கள் படகுகளோடு போராடினார்கள். 2021 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டில் திட்டத்தை தூத்துக்குடி மாவட்டம் உடன்குடிக்கு மாற்ற முடிவானது.

இதற்கு நடுவில் வந்ததுதான் கமுதி. சுமார் 8,500 பேர் வேலை செய்து எட்டே மாதத்தில் முடித்தார்கள் என்று நிறுவனம் பெருமையாகச் சொன்னது. முதலீடு சுமார் 4,550 கோடி ரூபாய். மின்வாரியம் யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு கொடுக்க ஒப்பந்தம். 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் சூரிய மின்சார ஏல விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கிவிட்டது. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே!

கமுதி நிலையத்தில் புகை இல்லை, சாம்பல் இல்லை. அந்த வகையில் உப்பூரை விட எவ்வளவோ மேல். ஆனால் அமைப்பைப் பாருங்கள். ஒரே முதலாளி, ஒரே இடம், 400 கிலோவோல்ட் துணை மின் நிலையம், அங்கிருந்து மாநில மின் கட்டமைப்புக்குள். எரிபொருள் மாறியது, கட்டமைப்பு மாறவில்லை. வேலியை ஒட்டி ஆடு மேய்க்கும் குடும்பத்துக்கும், ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குடும்பத்துக்கும் அந்த மின்சாரத்தின் மீது ஒரே உரிமைதான், மாதக் கடைசியில் பில் கட்டும் உரிமை.

அக்கரையிலும் இதே கதை

தனுஷ்கோடிக்கு எதிரே இலங்கையின் மன்னார் தீவு. அங்கே 2020 டிசம்பரில் "தம்பபவனி" காற்றாலைப் பூங்கா திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், 100 மெகாவாட். அடுத்து மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட்டுக்கு ஒரு பெரும் திட்டம் வந்தது. கமுதியைக் கட்டிய அதே அதானி குழுமம். மின் விலையை இலங்கையின் புதிய அரசு மறுபரிசீலனை செய்யத் தொடங்கியதும், 2025 பிப்ரவரியில் அந்தக் குழுமம் விலகிக்கொண்டது. அதன் பிறகும் வேறு காற்றாலைத் திட்டங்கள் வர, 2025-ல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். வெள்ளம் தேங்குகிறது, பறவைகளின் வலசைப் பாதை கெடுகிறது, எங்களைக் கேட்கவில்லை என்பவை அவர்களின் குறைகள்.

கவனியுங்கள், இது நிலக்கரிக்கு எதிரான போராட்டம் அல்ல. காற்றாலைக்கு எதிரான போராட்டம்!

அதே கடலில் ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் நெடுந்தீவு இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் பெரிய மின் கட்டமைப்போடு இணையாதவை. டீசல் ஜெனரேட்டர்தான் கதி. இவற்றுக்குச் சூரிய ஒளி, காற்று, பேட்டரி மூன்றும் சேர்ந்த கலப்பு மின் திட்டம் தீட்டப்பட்டது. 2021-ல் அது ஒரு சீன நிறுவனத்துக்குப் போக, இந்தியா ஆட்சேபித்தது. கடைசியில் 2024 மார்ச்சில் இந்திய மானியத்தில், ஒரு பெங்களூரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் ஆனது. மொத்தம் 2,230 கிலோவாட். அதில் சூரிய ஒளி 1,700, காற்று 530. கூடவே பேட்டரியும், அவசரத்துக்கு டீசலும்.

கமுதியோடு ஒப்பிட்டால் தூசு. ஆனால் அங்கே தயாராகும் மின்சாரம் அங்கேயே எரிய வேண்டிய மின்சாரம். "உள்ளூர்" என்ற சொல்லுக்குக் கமுதியை விட இதுவே பக்கத்தில் வருகிறது. ஆனாலும் இரண்டு வல்லரசுகளின் போட்டிக்கு நடுவில்தான் அந்தத் தீவுகளின் விளக்கு மாட்டிக்கொண்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

மொட்டைமாடிக் கணக்கு

சரி, ராமநாதபுரம், ராமேஸ்வரம் போன்ற ஊர்கள் தாங்களே தயாரித்தால் என்ன?

கணக்கு எளிது. ஒரு கிலோவாட் பலகைக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத மாடி வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்கு நாளைக்கு மூன்றரை யூனிட்டுக்குள்தான் தேவை. 2011 கணக்கெடுப்பின்படி ராமேஸ்வரம் நகராட்சியின் மக்கள்தொகை 44,856. யாத்ரீகர் விடுதிகள், பள்ளிகள், அரசு அலுவலகங்கள் என்று மாடிகளுக்குப் பஞ்சமில்லை. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு.

பிறகு ஏன் மாடிகள் காலியாகக் கிடக்கின்றன?

ஒன்று, 2016-லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஏழைக்கு இது பெரிய உதவி. ஆனால் பில்லே குறைவாக வரும் வீட்டில் பலகை வாங்கிப் போட்ட காசை எப்போது எடுப்பது?

இரண்டு, விதிகள் நிலையாக இல்லை. 2012 சூரிய மின்கொள்கை, மாடியில் தயாரித்ததைப் பயன்படுத்தியதில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டர் முறையைக் கொண்டுவந்தது. 2019 கொள்கை அதை மாற்றி, வாரியத்துக்குப் போகும் யூனிட்டுக்குக் குறைந்த விலை என்றது.

மூன்று, பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். பேட்டரி இல்லாத சாதாரண மாடி சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும்! கம்பியில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும். ஆக, உச்சி வெயிலில், மாடியில் பலகை இருந்தும் கீழே ஃபேன் ஓடாது. புயல் காலத்துக்கு உதவ வேண்டுமானால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். செலவு கூடும். இதோடு உப்புக் காற்றில் துருப்பிடிக்காத சட்டமும், புயலைத் தாங்கும் பிடிமானமும் வேண்டும்.

நான்காவது எல்லாவற்றையும் விடப் பெரியது. மாடி யாருக்கு இருக்கிறது? ஓலைக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாடகை வீடு... இவர்கள் எங்கே பலகை வைப்பார்கள்? அதிகம் பில் கட்டும் வசதியானவர்களும் ஹோட்டல்களும் சொந்த மின்சாரத்துக்குப் போய்விட்டால், வாரியத்தின் வருமானம் குறையும். இலவச மின்சாரத்தின் சுமையை யார் தாங்குவது? காசுள்ள தெருவுக்கு மட்டும் வெளிச்சம் வந்த அந்தப் பழைய மின் கம்பெனிக் காலத்துக்கே திரும்பிப் போய்விடுவோம்.

ஒரு ஊராட்சி செய்த காரியம்

இதற்கு ஒரு பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி. 2006-ல் அந்த ஊராட்சி சொந்தமாக ஒரு காற்றாலை வாங்கியது. 350 கிலோவாட், விலை 1 கோடியே 55 லட்சம். பெரும்பகுதி வங்கிக் கடன். ஊரின் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் தேவையானதை விட அதிகமாகவே அது தயாரித்தது. மிச்சத்தை வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை! காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் இருக்கிறது. வாரியத்தின் கம்பி வழியாகத்தான் கணக்கு நேராகிறது.

டென்மார்க்கின் சம்சோ தீவும் இப்படித்தான். நாலாயிரம் பேர்கூட இல்லாத அந்தத் தீவை 1997-ல் அரசு ஒரு போட்டியில் தேர்ந்தெடுத்தது. பத்தாண்டுக்குள் நிலத்திலும் கடலிலுமாக 21 காற்றாலைகள் வந்தன. பலவற்றில் தீவு மக்களே பங்குதாரர்கள். அவர்களும் பெருநிலத்தின் கேபிளைத் துண்டிக்கவில்லை. மிஞ்சியதை அதன் வழியே விற்கிறார்கள், காற்றில்லாத நாளில் அதன் வழியே வாங்குகிறார்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். உள்ளூர் மின்சாரம் என்பது கமுதியா, தனுஷ்கோடியா?

இரண்டும் இல்லை. கமுதியில் வெயில் உள்ளூர், உரிமை வெளியூர். தனுஷ்கோடியில் பலகை உள்ளூர், ஆனால் அது யாரும் கம்பி இழுக்காததால் வந்த உள்ளூர். கைவிடப்பட்டதைத் தன்னிறைவு என்று பெயர் மாற்றிக் கொண்டாட முடியாது. ஓடந்துறை மூன்றாவது வழியைக் காட்டியது. கம்பி இருக்கட்டும், ஆனால் காற்றாலை ஊர்ப் பொதுச் சொத்தாக இருக்கட்டும். மாடி இல்லாதவனுக்கும் அதில் பங்கு உண்டு.

ஓர் ஊராட்சியால் முடிந்தது ஒரு நகராட்சியால் முடியாதா? பள்ளி மாடி, மருத்துவமனை மாடி, பேருந்து நிலையக் கூரை ஆகியவற்றில் நகராட்சியே பலகை வைத்து, மருத்துவமனைக்கும் புயல் காப்பகத்துக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மட்டுமாவது பேட்டரி வைத்தால், அடுத்த புயலில் கம்பி அறுந்தாலும் ஊரின் உயிர்நாடி அறுந்துபோகாது. தீவு முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை.

2005 ஆகஸ்ட் 14 அன்று, குடியரசுத் தலைவராக நாட்டுக்கு ஆற்றிய சுதந்திர தின உரையில், 2030-க்குள் இந்தியா எரிசக்திச் சுதந்திரம் பெற வேண்டும் என்றார் கலாம். அவர் பெரிய நிலையங்களுக்கு எதிரி அல்ல. 2011-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஆதரித்துப் பேசியவரும் அவரேதான். அவர் பேசியது நாட்டின் சுதந்திரத்தைப் பற்றி. அவர் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த ஊர், நாட்டின் சுதந்திரத்துக்குள் தன் பங்கு என்ன என்று இப்போது கேட்கலாம்.

2030-க்கு இன்னும் அதிக காலம் இல்லை.